பெருவின் விடுதலை ஏன் பிந்தியது?

தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் ஆட்சி எப்படி முடிவுக்கு வந்தது என்று படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு முரண் விரைவிலேயே கண்ணில் படும். 1810ஆம் ஆண்டில் கராகஸ், புவெனோஸ் ஐரிஸ், பொகோட்டா, சாந்தியாகோ ஆகிய நகரங்கள் சில மாத இடைவெளியில் தத்தமக்கென ஆட்சிக்குழுக்களை அமைத்துக்கொண்டு ஸ்பானிய அதிகாரிகளை ஒதுக்கிவைத்தன. அக்கண்டத்தில் ஸ்பானிய அதிகாரத்தின் தலைமையிடமாக இருந்த லிமா மட்டும் அசையவில்லை. பெரு தன் விடுதலையை அறிவித்தது 1821இல். அறிவித்தவர் இன்றைய அர்ஜென்டினாவில் பிறந்த ஒரு தளபதி. அந்த விடுதலை நிலைபெற்றது 1824இன் இறுதியில். அதை நிலைநாட்டியவர்கள் இன்றைய வெனிசுவேலாவில் பிறந்த இருவர். ஒரு நாட்டின் விடுதலையை வெளியிலிருந்து வந்தவர்கள் ஏன் பெற்றுத்தர வேண்டியிருந்தது? அந்நாட்டு மக்கள் அடக்குமுறையைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது விடையல்ல. மற்றெங்கும் விட அங்கேதான் பெருங்கிளர்ச்சி முன்னதாகவே வெடித்தது. விடையைத் தேட, முந்நூறு ஆண்டு ஆட்சி எவ்வாறு இயங்கியது, அதில் யார் யாருக்கு என்ன பங்கு கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஸ்பானியர் வந்தபோது அங்கிருந்தது தவாந்தின்சூயு எனப்பட்ட இன்காப் பேரரசு. குஸ்கோவைத் தலைநகராகக் கொண்டு, இன்றைய கொலம்பியாவின் தென்முனையிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுக அது பரந்திருந்தது. அதன் பரப்பைக் கண்டு மிகப் பழைய அரசு என்று எண்ணிவிடக் கூடாது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் அது அந்த அளவுக்கு வளர்ந்தது. அடக்கப்பட்ட இனங்கள் பலவற்றுக்குத் தோல்வியின் நினைவு இன்னும் ஆறியிருக்கவில்லை. இன்னொரு செய்தியும் பின்னால் உதவும். அந்தப் பேரரசில் நாணயம் கிடையாது. குடிகள் வரியைப் பணமாகச் செலுத்தாமல் உழைப்பாகச் செலுத்தினர். ஒவ்வோர் ஊரும் முறை வைத்து ஆட்களை அனுப்பி, சாலை போடுதல், அரசு நிலத்தை உழுதல், படையில் சேர்தல் போன்ற பணிகளைச் செய்தது. அம்முறைக்கு மித்தா என்று பெயர். அதற்கு ஈடாக அரசு உணவுக் களஞ்சியங்களைப் பராமரித்தது.

1520களில் பேரரசர் வைனா கபாக் நோயுற்று இறந்தார். ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய் அவர்களுக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அவருடைய மகன்கள் வாஸ்கர், அதவால்பா ஆகிய இருவருக்கும் இடையே வாரிசுப் போர் மூண்டது. அதவால்பா வென்ற அந்த நேரத்தில்தான் பிரான்சிஸ்கோ பிசாரோ என்ற ஸ்பானியர் 168 வீரர்களுடன் கடற்கரையிலிருந்து மலையேறி வந்தார். 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா ஊரின் சதுக்கத்தில், பெரும் பரிவாரத்துடன் பேச வந்த அதவால்பாவை அவர்கள் திடீரெனத் தாக்கிச் சிறைபிடித்தனர். ஓர் அறை நிறையப் பொன்னும் அதைப்போல் இருமடங்கு வெள்ளியும் மீட்புப் பொருளாகத் தருவதாக அவர் வாக்களித்தார். பெருமளவு பொன்னும் வெள்ளியும் வந்தும் சேர்ந்தன. ஆயினும் 1533இல் அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்பானியர் குஸ்கோவுக்குள் நுழைந்தனர்.

குதிரையும் எஃகு வாளும் துப்பாக்கியும் ஒரு பேரரசை வீழ்த்தின என்று பாடநூல்கள் சுருக்கிச் சொல்வது பாதி உண்மையே. கஹமார்க்காவில் நடந்தது ஓர் அரசரைப் பிடித்த செயல். நாட்டைப் பிடித்த செயல் அன்று. நாட்டைப் பிடிப்பதற்கு வாங்கா, கன்யாரி, சச்சபோயா போன்ற இனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களையும் உணவையும் தந்து உதவின. அவர்களுடைய கணக்கில் அது இன்காக்களிடமிருந்து விடுபடும் போர். வாஸ்கரின் தரப்பைச் சேர்ந்த குஸ்கோப் பெருங்குடியினரும் முதலில் பிசாரோவை வரவேற்றனர். ஸ்பானியர் அரியணையில் அமர்த்திய மான்கோ இன்கா தான் பெயரளவு அரசன் என்பதை உணர்ந்து 1536இல் குஸ்கோவை முற்றுகையிட்டார். அது தோற்றதும் வில்கபாம்பா காட்டுப்பகுதிக்குப் பின்வாங்கித் தனியரசை நிறுவினார். இதற்கிடையே வெற்றியாளர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டனர். பிசாரோவின் கூட்டாளி அல்மாக்ரோ 1538இல் கொல்லப்பட்டார். அவருடைய ஆதரவாளர்கள் 1541இல் பிசாரோவைக் கொன்றனர். பூர்வகுடிகள் மீதான கொடுமையைக் கட்டுப்படுத்த 1542இல் ஸ்பானிய அரசு புதிய சட்டங்களை இயற்றியபோது, பிசாரோவின் தம்பி கொன்சாலோ கிளர்ந்தெழுந்தார். அச்சட்டங்களைச் செயல்படுத்த வந்த முதல் வைஸ்ராய் 1546இல் போர்க்களத்தில் உயிரிழந்தார். ஆகவே 1532ஐ வெற்றியின் தொடக்கமாகக் கொள்ளலாமே தவிர ஆட்சியின் தொடக்கமாகக் கொள்ள இயலாது. வில்கபாம்பாவின் கடைசி அரசர் துபாக் அமாரு 1572இல் குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டப்பட்டபோதுதான் வெற்றி நிறைவுற்றது.

அந்தத் தண்டனைக்கு ஆணையிட்ட வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ, 1569 முதல் 1581 வரை பதவியில் இருந்தவர். பெருவில் ஸ்பானிய ஆட்சி என்று நாம் சொல்வதன் கட்டமைப்பை உருவாக்கியவர் அவரே என்று சொல்லலாம்.

தொலேதோவுக்கு முன்பு வெற்றியாளர்களுக்கு என்கோமியெண்டா என்ற உரிமை வழங்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட ஊர்களின் குடிகளிடமிருந்து திறையும் உழைப்பும் பெற்றுக்கொள்ளும் உரிமை அது. கைம்மாறாக அக்குடிகளைக் காத்து, கிறித்தவ சமயத்தைப் போதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடைமுறையில் வாங்கும் பகுதி மட்டுமே ஒழுங்காக நடந்தது. இந்த உரிமை பெற்றவர்கள் பரம்பரைப் பிரபுக்களாக வளர்வதை மன்னர் விரும்பவில்லை. எனவே அதிகாரம் மெல்ல மெல்ல அரசின் ஊழியர்களிடம் மாற்றப்பட்டது. மேலே மன்னரின் பதிலாளாக லிமாவில் வைஸ்ராய். அவருக்கு அருகில், அவரைக் கண்காணிக்கவும் செய்யும் அவுதியென்சியா என்ற உயர் நீதிமன்றம். மாவட்டந்தோறும் கோரெகிதோர் என்ற அதிகாரி. அவருக்குக் கீழே, ஊர் மட்டத்தில், குராக்கா எனப்பட்ட பூர்வகுடித் தலைவர்.

இந்தக் கடைசிப் படியைக் கவனிக்க வேண்டும். ஸ்பானியர் பழைய தலைவர்களை ஒழித்துவிடவில்லை, தக்கவைத்துக்கொண்டனர். குராக்காவுக்குத் திறை விலக்கு உண்டு, குதிரை ஏறும் உரிமை உண்டு, பிள்ளைகளுக்குச் சேசு சபையினர் நடத்திய தனிப் பள்ளிகள் உண்டு. அதற்கு ஈடாக ஊராரிடமிருந்து திறையைத் திரட்டித் தருவதும் வேலைக்கு ஆள் அனுப்புவதும் அவருடைய கடமை. அந்நிய ஆட்சி மலையின் கடைசி ஊர் வரை எட்டியது இவர்கள் வழியாகத்தான். சிதறி வாழ்ந்த மக்களைத் தொலேதோ கட்டாயமாகப் புதிய ஊர்களில் குடியேற்றினார். ஆட்களை எண்ணுவதும், திறை விதிப்பதும், ஞாயிறு பூசைக்கு அழைப்பதும் அதனால் எளிதாயின.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்லலாம்: வெள்ளி. இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள பொட்டோசியில் 1545இல் வெள்ளி மலை ஒன்று கண்டறியப்பட்டது. மேற்பரப்பில் கிடைத்த வளமான தாது தீர்ந்த பிறகு, தரம் குறைந்த தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் தேவைப்பட்டது. அந்தப் பாதரசம் பெருவின் வாங்கவெலிக்கா சுரங்கத்தில் கிடைத்தது. தாதுவும் பாதரசமும் கைக்கெட்டிய நிலையில், ஆள்பலம் ஒன்றே குறையாக இருந்தது. அதற்குத் தொலேதோ கையில் எடுத்தது இன்காக்களின் மித்தா முறையை. தென்பகுதி மலை மாவட்டங்கள் ஒவ்வோர் ஆண்டும் திறை செலுத்தும் ஆண்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவரைப் பொட்டோசிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. மொத்தம் 13,000க்கும் மேற்பட்டோர். மனைவி மக்களோடும் லாமா விலங்குகளோடும் வாரக்கணக்கில் நடந்து அவர்கள் அங்கு சென்றனர். கூலி உண்டு, ஆனால் வயிற்றுக்குப் போதாது. வாங்கவெலிக்காவில் பாதரச நஞ்சு நுரையீரலையும் நரம்புகளையும் அழித்தது. பெயர் பழைய பெயர்தான். ஆனால் இன்காக்களின் முறையில் உழைத்தவருக்குக் களஞ்சியத்திலிருந்து உணவு திரும்பி வந்தது, இங்கே வெள்ளி கப்பலேறிச் செவில் நகரத்துக்குப் போனது. எடுக்கப்பட்ட வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்குரியது.

அம்மை, தட்டம்மை முதலிய நோய்களும் இந்த உழைப்புச் சுமையும் சேர்ந்து மக்கள்தொகையை வீழ்த்தின. வெற்றிக்கு முந்தைய எண்ணிக்கை பற்றி மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. எனினும் ஒரு நூற்றாண்டுக்குள் பத்தில் ஒன்பது பங்கு மக்கள் மறைந்திருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் கணிப்பு. வேலைக்குரிய ஊர்களில் ஆள் குறைந்தபோதும் விதிக்கப்பட்ட எண்ணிக்கை அதே வேகத்தில் குறைக்கப்படவில்லை. எஞ்சியவர்கள் மீது சுமை கூடியது. பலர் பிறந்த ஊரை விட்டு ஓடி, வேற்றூரில் அந்நியராகப் பதிந்து தப்பினர்.

சமூகம் பிறப்பின்படி அடுக்கப்பட்டது. ஸ்பெயினில் பிறந்தவர்கள் உச்சியில். ஸ்பானியப் பெற்றோருக்கு அமெரிக்க மண்ணில் பிறந்த கிரியோலியர் அடுத்து. கலப்பினத்தவரான மெஸ்திசோக்கள், திறை கட்டும் பூர்வகுடிகள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் கீழே. கிரியோலியர் என்ற இந்தப் பிரிவுதான் பின்னாளில் விடுதலைப் போராட்டங்களை நடத்தியது. அவர்களுக்கு நிலம், சுரங்கம், வணிகம் எல்லாம் இருந்தன. உயர் பதவிகள் மட்டும் ஸ்பெயினிலிருந்து வந்தவர்களுக்கே போவதாக மனக்குறை. ஆனால் மனக்குறை வேறு, கிளர்ச்சி வேறு. லிமாவின் கிரியோலியர்கள் மற்ற நகரத்தாரைவிட இந்த ஏற்பாட்டில் அதிகம் ஆதாயம் அடைந்தவர்கள். தென் அமெரிக்காவின் பெரும்பகுதியோடு ஸ்பெயின் செய்த வணிகம் நெடுங்காலம் லிமாவின் துறைமுகமான கய்யாவோ வழியாகவே நடக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஏகபோகம் லிமா வணிகர்களைச் செல்வத்தில் திளைக்க வைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினை ஆண்ட பூர்போன் வம்சத்தினர் தங்கள் கருவூலத்தை நிரப்பச் சீர்திருத்தங்களில் இறங்கினர். 1776இல் ரியோ தே லா பிளாத்தா என்ற புதிய வைஸ்ராய் ஆட்சிப்பகுதி உருவாகி, பொட்டோசி அதனுடன் சேர்க்கப்பட்டது. அதுவரை லிமா வழியாகப் போன வெள்ளி புவெனோஸ் ஐரிஸ் பக்கம் திருப்பிவிடப்பட்டது. விற்பனை வரி 2 விழுக்காட்டிலிருந்து 4 ஆகவும், பிறகு 6 ஆகவும் உயர்ந்தது. மலைப்பகுதி மக்களை இதைவிடக் கடுமையாக வதைத்தது ரெபார்த்தோ எனப்பட்ட கட்டாய விற்பனை. மாவட்ட அதிகாரியான கோரெகிதோர், கோவேறு கழுதை, துணி, இரும்புப் பொருள்கள் முதலியவற்றை ஊராரின் தலையில் கட்டுவார். விலையையும் அவரே நிர்ணயிப்பார். வேண்டாம் என்று மறுக்க முடியாது. இது மறைவாக நடந்த ஊழல்கூட அன்று. அப்பதவியைப் பணம் கொடுத்து வாங்கியவர் போட்டதை எடுக்கட்டும் என்று அரசே 1750களில் இதைச் சட்டப்பூர்வமாக்கியிருந்தது.

1780 நவம்பர் 4 அன்று, குஸ்கோவுக்குத் தெற்கே திந்தா மாவட்டத்தின் கோரெகிதோர் அர்ரியாகா, விருந்து முடிந்து வீடு திரும்பும் வழியில் சிறைபிடிக்கப்பட்டு, ஆறு நாள்களுக்குப் பின் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். பிடித்தவர் அதே மாவட்டத்தில் சில ஊர்களின் குராக்காவான ஹோசே கபிரியேல் கொண்டோர்கங்கி. சேசு சபைப் பள்ளியில் படித்தவர். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிப் பொட்டோசிப் பாதையில் வணிகம் செய்தவர். 1572இல் கொல்லப்பட்ட கடைசி இன்காவின் வழித்தோன்றல் என்று உரிமை கோரித் துபாக் அமாரு என்ற பெயரைச் சூடிக்கொண்டவர். தம் ஊர்களைப் பொட்டோசி மித்தாவிலிருந்து விடுவிக்கும்படி லிமா வரை சென்று மனு கொடுத்து ஏமாந்த பிறகே அவர் இந்த வழியில் இறங்கினார். தொடக்கத்தில் மன்னரின் பெயராலேயே தாம் செயல்படுவதாகச் சொன்னார். கட்டாய விற்பனையையும் மித்தாவையும் ஒழிப்பதாக அறிவித்தார். தம்மோடு சேரும் அடிமைகளுக்கு விடுதலை அளிப்பதாகவும் ஆணையிட்டார். அவருடைய மனைவி மிக்கயேலா பாஸ்திதாஸ் உணவு, ஆயுதம், தகவல் தொடர்பு ஆகியவற்றைப் பொறுப்பேற்று நடத்தினார். குஸ்கோவை உடனே தாக்கும்படி கணவரை வற்புறுத்தினார். அவர் சொல்லைக் கேட்டிருந்தால் வரலாறு மாறியிருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. துபாக் அமாரு காலம் தாழ்த்தி 1781 ஜனவரியில் குஸ்கோவை முற்றுகையிட்டபோது நகரம் தயாராக இருந்தது.

தொடக்கத்தில் சில கிரியோலியர்கள் இக்கிளர்ச்சியை அனுதாபத்துடன் நோக்கினர். வரி உயர்வு அவர்களையும் சுட்டிருந்தது. ஆனால் நவம்பர் 18 அன்று சங்கராராவில் நடந்த மோதலில், தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த ஸ்பானியரும் கிரியோலியரும் மாண்டபோது அந்த அனுதாபம் ஆவியானது. குராக்காக்களிலும் பலர் மன்னர் பக்கமே நின்றனர். சின்செரோ ஊரின் குராக்கா மத்தேயோ புமகாவா தம் ஆட்களுடன் குஸ்கோவைக் காத்தவர்களில் முக்கியமானவர். 1781 மே 18 அன்று துபாக் அமாருவின் கண்முன்னே மனைவியும் மகனும் கொல்லப்பட்டனர். அவருடைய கைகால்களை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தும் உடல் கிழியாததால், தலை வெட்டப்பட்டது. கிளர்ச்சி தித்திக்காக்கா ஏரியைத் தாண்டி லா பாஸ் வரை பரவி 1783 வரை நீடித்தது. இறந்தோர் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர். கட்டாய விற்பனை ஒழிக்கப்பட்டது. கூடவே இன்கா உடை, இன்கா அரசர்களின் ஓவியங்கள், இன்காக்களின் மொழியான கெச்சுவாவில் நடந்த நாடகங்கள் ஆகியவையும் தடைசெய்யப்பட்டன.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இங்கேதான் கிடைக்கிறது. 1781க்குப் பிறகு பெருவின் கிரியோலியருக்கு ஸ்பெயின் ஒரு சுமையாகவும் அதே வேளையில் ஒரு காவலாகவும் தெரிந்தது. மன்னரின் அதிகாரத்தை அகற்றினால் அடுத்து எழுவது தங்கள் அரசா, மலைநாட்டு மக்களின் அரசா என்ற அச்சம் அவர்களை விட்டு நீங்கவில்லை. பூர்வகுடிகள் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இருந்த நாட்டில் அது வெறும் கற்பனை அச்சமும் அன்று. சில ஆண்டுகளில் ஹெய்ட்டியில் அடிமைகள் எழுந்து வென்ற செய்தி அதை மேலும் வளர்த்தது.

1808இல் நெப்போலியன் ஸ்பானிய மன்னரைச் சிறைவைத்தபோது, மன்னர் இல்லாத அதிகாரம் யாருக்கு உரியது என்ற கேள்வி அமெரிக்கா முழுவதும் எழுந்தது. மற்ற நகரங்களில் அது ஆட்சிக்குழுக்களாக உருவெடுத்தது. லிமாவில் வைஸ்ராய் அபாஸ்கால், அவ்வூர் வணிகர்களின் நிதியுதவியோடு, கீட்டோவுக்கும் சிலிக்கும் ‘மேல் பெரு’ எனப்பட்ட இன்றைய பொலிவியாவுக்கும் படைகளை அனுப்பி அக்குழுக்களை ஒடுக்கினார். உள்நாட்டிலும் கிளர்ச்சி இல்லாமலில்லை. 1814இல் குஸ்கோவில் அங்குலோ சகோதரர்கள் தலைமையில் ஒன்று வெடித்தது. அதில் சேர்ந்து, பிடிபட்டு, 1815இல் உயிரிழந்தவர் வேறு யாருமல்லர். 1781இல் மன்னருக்காகப் போரிட்ட அதே புமகாவாதான். முதுமையில் அவர் மனம் மாறியதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. லிமாவின் கிரியோலியர்கள் அப்போதும் மனம் மாறவில்லை.

எனவே விடுதலை கடல் வழியாக வந்தது. அர்ஜென்டினாவின் தளபதி ஹோசே தே சான் மார்ட்டின், லிமா வீழாதவரை தெற்கின் விடுதலை நிலைக்காது என்று கணக்கிட்டு, 1817இல் ஆண்டிஸைக் கடந்து சிலியை விடுவித்தார். அங்கிருந்து பிரிட்டிஷ் மாலுமி கொக்ரேன் தலைமையிலான கப்பற்படையுடன் 1820 செப்டம்பரில் பெருவின் பரக்காஸ் விரிகுடாவில் இறங்கினார். அவரிடம் இருந்த படை ஏறத்தாழ 4,500 பேர். நேரடிப் போரைத் தவிர்த்து, லிமாவைக் கடலிலிருந்து அடைத்து, மலைப்பகுதிக் கொரில்லாக் குழுக்களைக் கொண்டு உணவு வரத்தையும் தடுத்தார். வைஸ்ராய் லா செர்னா 1821 ஜூலையில் லிமாவைக் கைவிட்டு மலைக்குச் சென்றார். ஜூலை 28 அன்று சான் மார்ட்டின் விடுதலையை அறிவித்தார். இன்றும் அதுவே பெருவின் விடுதலை நாள். அடுத்த மாதம் அவர் திறையை ஒழித்தார். விடுதலை அறிவிப்புக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர்கள் என்றும் ஆணையிட்டார்.

ஆனால் அறிவிப்பு லிமாவில், படை மலையில். லா செர்னா குஸ்கோவைத் தலைநகராக்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆட்சி நடத்தினார். வடக்கே விடுதலைப் போரை நடத்திவந்த வெனிசுவேலாத் தளபதி சிமோன் பொலிவாரை 1822இல் குவயாக்கில் நகரில் தனியே சந்தித்த பிறகு சான் மார்ட்டின் பதவி விலகினார். 1823 செப்டம்பரில் பொலிவார் லிமா வந்து சேர்ந்தார். பெருவின் தலைவர்கள் அப்போதும் ஊசலாடினர். முதல் குடியரசுத் தலைவர் ரிவா அகுவேரோ வைஸ்ராயுடன் உடன்பாடு பேச முற்பட்டார். அடுத்துப் பதவிக்கு வந்த தோர்ரே தாக்லே, சம்பளம் கிடைக்காத காவற்படை கய்யாவோ கோட்டையை அரசப் படையிடம் ஒப்படைத்த பின்னர், அந்தக் கோட்டைக்குள்ளேயே தஞ்சம் புகுந்து 1825இல் இறந்தார்.

முடிவு மலையில் ஏற்பட்டது. 1824 ஆகஸ்ட் 6 அன்று ஹூனின் சமவெளியில் பொலிவாரின் குதிரைப்படையும் அரசக் குதிரைப்படையும் ஈட்டியாலும் வாளாலும் மோதின. டிசம்பர் 9 அன்று ஆயாகுச்சோவில், பொலிவாரின் தளபதியும் அவரைப் போலவே வெனிசுவேலாவில் பிறந்தவருமான, 29 வயதே ஆன அந்தோனியோ ஹோசே தே சூக்ரே ஏறத்தாழ 6,000 வீரர்களுடன் தம்மைவிடப் பெரிய அரசப் படையை முறியடித்தார். காயமுற்ற லா செர்னா சிறைப்பட்டார். இரு படைகளிலும் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணின் மைந்தர்களே என்பதையும், அரசப் படையின் காலாட்களில் மிகப் பலர் குஸ்கோப் பகுதியின் பூர்வகுடிகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயாகுச்சோவுக்கு வடக்கே வாந்தா பகுதியின் மலைக்குடிகள் 1828 வரை ஸ்பானிய மன்னரின் பெயரால் குடியரசை எதிர்த்துப் போரிட்டனர். கய்யாவோ கோட்டை 1826 ஜனவரியில்தான் சரணடைந்தது.

குடியரசு தன் குடிகளை எப்படி நடத்தியது என்பதைத் திறையின் கதையே காட்டும். 1821இல் ஒழிக்கப்பட்ட அது, கருவூலம் வறண்டிருந்ததால் 1826இல் வேறு பெயரில் திரும்ப விதிக்கப்பட்டது. குராக்காப் பட்டங்களைப் பொலிவார் 1825இல் ரத்து செய்திருந்தார். ஊர்ப் பொதுநிலங்களைப் பிரித்துத் தனியுடைமையாக்கவும் அவர் ஆணையிட்டார். சமத்துவத்தை நோக்கமாகக் கொண்ட அந்த ஆணைகளால், ஊருக்காக வழக்காடத் தலைவரும் இல்லை, விற்க முடியாத நிலமும் இல்லை என்ற நிலை உண்டாகி, பெருநில உடைமையாளர்களுக்கு வழி திறந்தது. குவானோ எனப்படும் பறவை எச்ச உரத்தின் ஏற்றுமதியால் கருவூலம் நிரம்பிய பிறகே, ரமோன் காஸ்தியா 1854இல் திறையையும் அடிமை முறையையும் ஒழித்தார். ஸ்பெயின் பெருவின் விடுதலையை ஏற்று ஒப்பந்தம் செய்தது 1879இல். 1896 முதல் வாக்குரிமைக்கு எழுத்தறிவு கட்டாயமானதால், ஸ்பானிய மொழியில் எழுதப் படிக்கத் தெரியாத மலைநாட்டு மக்கள் வாக்களிக்க இயலவில்லை. 1979ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தத் தடையை நீக்கிய பின், 1980ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தனர்.